மகாராஜாவின் படமும் ஒச்சம்மாள் வீட்டுக் குடமும்

செங்காவனத்து ராஜா பூபாலரங்கருக்குத் திடீரென்று ஓவியப் பித்துப் பிடித்தது. மூன்று நீலத் தீற்றல், ஒரு மஞ்சள் வட்டம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. படம் முடிந்தது! மரமா, மாடா என்று யாரும் கேட்கக் கூடாது. "இது உருவமில்லாத ஓவியம்" என்று ராஜாவே சொல்லிவிட்டார். அப்புறம் யார் வாயைத் திறப்பது?

அதோடு விட்டாரா மனிதர்? அந்தப் படத்தைச் சின்னச் சின்னச் செப்புத் தகடுகளில் அச்சடித்து, வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். "வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் இதை வைக்க வேண்டும். மீறினால் ஊரைவிட்டே விரட்டப்படுவீர்கள்" என்று தண்டோராவும் போட்டாயிற்று.

ஒரு மாதம் கழித்து ராஜா சோதனைக்குக் கிளம்பினார். கூடவே தளவாய் அனந்தப்பரும் அவைப்புலவர் திருமேனியும். காலையில் தளவாய் வீட்டில் தடபுடலாக விருந்து. பிறகு கொளுத்தும் வெயிலில் தெருத்தெருவாக நடை. ஒரு வீட்டுக்குள்ளும் நுழைந்து பார்க்கும் முன்பே ராஜாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. பூக்கட்டி விற்கும் ஒச்சம்மாள் வீட்டுக்குள் சட்டென்று நுழைந்தார்.

"அம்மா, கொஞ்சம் தண்ணீர்!"

ஒச்சம்மாள் பதறிப்போய்க் குடத்தின் மூடியை எடுத்தாள். மூடியில் மூன்று நீலத் தீற்றல், ஒரு மஞ்சள் வட்டம்.

"என் ஓவியம் குடத்துக்கு மூடியா?" ராஜாவின் மீசை துடித்தது.

தளவாய்க்கு ஒரே கொண்டாட்டம். "ராஜத் துரோகம்! இன்றைக்கே இவளை விரட்ட வேண்டும்!"

"ஐயோ சாமி! மூணு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்? தண்ணியில பல்லி விழுந்துறக் கூடாதேன்னுதான் மூடுனேன்" என்று அழுதாள் ஒச்சம்மாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

திருமேனி மெல்ல முன்னால் வந்தார்.

"மகாராஜா, உள்ளே நுழைந்ததும் தங்கள் கண் எங்கே போனது?"

"குடத்துக்குத்தான். தாகமய்யா!"

"படம் எங்கே இருந்தது?"

"குடத்தின் மேல்."

"இந்த வெயிலில் யார் வந்தாலும் முதலில் குடத்தைத்தானே பார்ப்பார்கள்? இவள் எந்த ஆணையை மீறினாள்?"

"சுத்தச் சப்பைக்கட்டு!" என்று கத்தினார் தளவாய். "என் வீட்டில் வந்து பாரும். கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன்!"

திருமேனி ராஜாவின் பக்கம் திரும்பினார். "காலையில் அந்தக் கூடத்தில்தானே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? படம் எப்படி இருந்தது, மகாராஜா?"

ராஜா நெற்றியைத் தடவினார். "படமா? அங்கே படம் இருந்ததா?"

"தங்கள் தலைக்கு நேர் மேலே..." என்ற தளவாயின் குரல் தேய்ந்தது.

"அப்படியானால் ஊரைவிட்டுப் போக வேண்டியவர்..." என்று இழுத்தார் திருமேனி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தளவாயை மன்னித்தார். ஒச்சம்மாளுக்குப் பட்டுப்புடவை, திருமேனிக்கு முத்துமாலை. கையோடு புது ஆணையும் பிறந்தது: இனி எல்லா வீட்டிலும் படம் குடத்தின் மேல்தான் இருக்க வேண்டும்!

மறுநாள் சோதித்தபோது ஊர் முழுவதும் ஆணைப்படியே இருந்தது. அதற்காக யாரும் எதையும் இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை, தளவாயைத் தவிர.