கொசுறுக்குத் தடை போட்ட பண்டிதர்

முன்ன ஒரு காலத்துல, ஆத்தங்கரை ஓரமா ஒரு ராஜா ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ச் சந்தையில மூக்காயின்னு ஒருத்தி கத்தரிக்கா வித்துக்கிட்டிருந்தா. எழுத்து வாசனையே கிடையாது அவளுக்கு. ஆனா காய் வாங்குற ஒவ்வொருத்தருக்கும் கொசுறா ஒரு கொத்து கறிவேப்பிலையோ, ரெண்டு பச்சமிளகாயோ மேல வைப்பா. அத வாங்காம எந்தப் பொம்பளையும் நகர மாட்டா. உங்கம்மா நகருவாளா, சொல்லுங்க?

அந்த ராஜாகிட்ட அனந்தகோடின்னு ஒரு பண்டிதர் இருந்தாரு. பன்னெண்டு வருஷம் வியாபார சாஸ்திரம் படிச்சவர். படிச்சாரே ஒழிய, ஒரு வெண்டைக்காய ஒடிச்சுப் பாத்து வாங்குனதில்ல. அவரு ராஜாகிட்ட போயி, சந்தையில ஒரு வருஷம் குடுக்குற கொசுறக் குமிச்சா அரண்மனை உசரம் வரும், அம்புட்டும் நஷ்டம், அதத் தடை பண்ணுங்க, என்னயச் சந்தைக்கு அதிகாரியாப் போடுங்கன்னாரு. ராஜாவுக்கு ஒண்ணும் புரியல. புரியாததெல்லாம் பெரிய விஷயம்னு நெனைக்கிற ராஜா அவரு. சரின்னுட்டாரு.

மூக்காயி நிறுத்தல. கை பழகிப்போச்சு, என்ன செய்வா பாவம். பண்டிதர் அவ கூடைய எத்தித் தள்ளி, ஊர விட்டே போன்னுட்டாரு. மூணு புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துறது அந்தக் கடைதான். அழுதுக்கிட்டே போயி ஆத்துக்கு அக்கரையில கூடைய எறக்குனா. பண்டிதரு அவ எடத்துல தானே காய் விக்க ஒக்காந்துக்கிட்டாரு.

மொத நாள் பொம்பளைங்க வந்தாங்க, காய அமுக்கிப் பாத்தாங்க, கொசுறு கேட்டாங்க. பண்டிதர் ராஜாவோட தடை ஓலையப் பிரிச்சுப் படிச்சாரு. போயிட்டாங்க. ரெண்டாம் நாள் வெலயக் கொறச்சாரு. வந்தாங்க, அமுக்குனாங்க, கொசுறு கேட்டாங்க, மறுபடி ஓலையப் படிச்சாரு, போயிட்டாங்க. மூணாம் நாள் ஒரு மாடு மட்டும் வந்துச்சு. அது கொசுறே கேக்கல, ஒரு கூடைக் காயத் தின்னுட்டுப் போயிருச்சு.

பொம்பளைங்க எல்லாம் சேலையத் தூக்கிச் சொருவிக்கிட்டு ஆத்துல எறங்கி அக்கரைக்குப் போனாங்க. அரண்மனைச் சமையக்காரியும் போனா. ராஜா பண்டிதரக் கூப்ட்டுக் கேட்டாரு.

"சாஸ்திரத்துல தப்பில்ல மகாராஜா, சனங்கதான் தப்பா இருக்காங்க. அந்த மூக்காயியச் சிறையில போடுங்க."

மூக்காயிய இழுத்துட்டு வந்தாங்க. உன்கிட்ட மட்டும் ஏன் வர்றாங்கன்னு ராஜா கேட்டாரு.

"கத்தரிக்கா எல்லார்கிட்டயும் இருக்கு சாமி. காசு குடுத்து வாங்குனத எவளும் பெருமையாச் சொல்ல மாட்டா. சும்மா வாங்குனதத் தெருவெல்லாம் சொல்லுவா. அந்தத் தெருவே மறுநாள் என்கிட்ட வரும். கறிவேப்பில எங்க கொல்லையில தானா மொளைக்குது."

ராஜாவுக்கு மொத தடவையா ஒரு விஷயம் புரிஞ்சுச்சு. தடைய எடுத்துட்டு, அவ எடத்த அவளுக்கே குடுத்துட்டாரு. அதச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு குளுந்து போகும்.

பண்டிதரா? அந்த வாரமே பக்கத்து நாட்டு ஆளுங்க ராஜாகிட்ட யானை வாங்க வந்தாங்க. வெல பேசி வாங்கிட்டாங்க, ஆனா நகரல. கொசுறு என்னன்னு கேட்டாங்க. ராஜா சுத்திமுத்திப் பாத்தாரு. பண்டிதரப் புடிச்சு யானை மேல ஏத்தி விட்டுட்டாரு. சும்மா கெடைச்சதாச்சே, அவங்களும் என்ன ஏதுன்னு பாக்காம ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

கத அவ்வளவுதான். கொசுறா இன்னொரு கத கேக்காதீங்க, அந்த விஷயத்துல நான் பண்டிதர் கட்சி.