குளவி மடத்தில் இரண்டு குளவிகள்

மலையடிவாரத்தில் போய்க் குளவி மடம் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அதன் சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

பெண்கள் மட்டும் இருக்கும் சின்ன மடம். புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தால், குருவாக இருப்பவர் அவள் காது மடலை நகத்தால் வலிக்கக் கிள்ளி, "புழு குளவியாகட்டும்" என்பார். குளவி ஒரு புழுவைத் தூக்கி வந்து மண் கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும், குருவும் சிஷ்யையை அப்படித்தான் ஆக்குவார் என்பது அவர்கள் நம்பிக்கை.

அதனால் அங்கே குளவிக் கூட்டை யாரும் உடைக்கக் கூடாது. வெள்ளையடிக்கும்போதுகூடக் கூடு இருக்கும் இடத்தை விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். மடத்துச் சுவர்கள் எப்போதும் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். கூட்டில் எங்காவது ஓட்டை தெரிந்தால், பல்லி புகுந்துவிடும் என்று ஈர மண் குழைத்து அடைத்துவிடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர் ஒருவரும் கிடையாது. பார்க்காமலே ரொம்ப நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

மடத்தின் தலைவி உமையாள் அம்மை. தில்லைநாயகி அவருடைய சிஷ்யை. வயதில் சிஷ்யைதான் மூத்தவள். கணவர் போய், மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு வந்து சேர்ந்தவள். அதனால் அம்மை அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

காதில் கிள்ளு வாங்கிய எல்லாரிலும் அதை முழுசாக நம்பியவள் தில்லைநாயகிதான். அம்மை முந்தானையைப் போர்த்திக்கொள்வது போலப் போர்த்திக்கொள்வாள். அம்மையைப் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பாள். அம்மைக்குத் தொண்டை வறட்சி, பேசுமுன் கனைத்துக்கொள்வார். தில்லைநாயகியின் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கனைத்துக்கொள்வாள். வந்த புதிதில் பாத்திரம் தேய்க்கும்போது ஏதாவது பாடிக்கொண்டிருப்பாள். அம்மை பாடுவதில்லை என்று கண்டதும் அதையும் விட்டுவிட்டாள்.

ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "தாயே" என்று அவள் காலில் விழுந்துவிட்டார். அன்று முழுவதும் தில்லைநாயகிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்கழியில் உப்பளத்து ஊர் ஒன்றிலிருந்து சில பெண்கள் வந்தார்கள். கால் முழுக்க உப்புப் புண்.

"எங்க ஊருக்கு ஒருத்தர அனுப்புங்கம்மா. வேலை முடிஞ்சு வந்தா மனசுல உள்ளத இறக்கிவைக்க ஆளில்ல. நாங்க குடியிருக்க ஒரு ஓலைச் சாய்ப்பு எறக்கித் தாரோம், சோறும் போடுதோம்."

"பொங்கல் கழிச்சு வேன் அனுப்புங்க. ஆளு வரும்" என்றார் அம்மை.

தில்லைநாயகியின் தாய் உப்பு வாரியவள். அந்தப் புண்ணுக்கு என்ன எண்ணெய் போட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியும். போக வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் அம்மையாகவே ஆகாமல் அம்மை இடத்தில் போய் எப்படி உட்காருவது? அந்தப் பயம் ஆசையைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டாள்.

"தாயே, நான் எப்ப உங்கள மாதிரி ஆவேன்?"

அம்மை மாட்டுக் கொட்டகையைக் கை காட்டினார்.

"அந்தக் கூரைக்கு அடியில, எறவாணத்துல, ரெண்டு இனத்துக் குளவி கூடு கட்டுது. எது எதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க. பிறகு பேசுவோம்."

தில்லைநாயகி போய்ப் பார்த்தாள். எல்லாம் செம்மண் நிறம். எல்லாவற்றுக்கும் நூல் போல இடுப்பு, வயிற்றில் ஒரு கறுப்புப் பட்டை. ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன.

மறுநாள் வந்து சொன்னாள்.

"பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு தாயே."

"மண்ணு சுமக்கிறது எது?"

"பெருசு."

"சிறுசு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. சும்மா சுத்திச் சுத்தி வருது."

"அது ரெண்டும் ஒரே இனம் நாயகி. பெருசு பொண்டாட்டி, சிறுசு புருஷன். இதுல உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்கக் கூடாது."

அடுத்த தடவை ஒன்று அடர் சிவப்பு, ஒன்று வெளிறிய சிவப்பு என்றாள்.

"எப்பப் பாத்தீங்க?"

"ஒண்ணக் காலைல. இன்னொண்ண..." என்று இழுத்தாள். இன்னொன்றைப் பார்த்தது பொழுது சாய்கிற நேரம். திரும்பிக் கொட்டகைக்கே போனாள்.

அதற்குப் பிறகு அவள் தேடுவதை விட்டுவிட்டாள். பசுவுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது. ஒருத்தி ஒவ்வொரு பானையாகத் தனித்தனியே கட்டினாள். பானைக்கு வாய் விளிம்புகூட வைத்தாள். இன்னொருத்தி பானைகளை ஒட்டி ஒட்டிக் கட்டி, கடைசியில் எல்லாவற்றின் மேலும் மண்ணை அப்பிவிட்டுப் போனாள். யாரோ சகதியை எறிந்த மாதிரி இருந்தது அவள் கூடு. தில்லைநாயகி முதலாமவளுக்குப் பானைக்காரி என்றும் இரண்டாமவளுக்குப் பூச்சுக்காரி என்றும் பெயர் வைத்தாள்.

வேலையைக் கண்ட பிறகு ஆளும் தெரிந்தது. பானைக்காரிக்கு வால் நுனியில் மஞ்சள். பூச்சுக்காரிக்கு வாலில் ஒன்றும் இல்லை, தோளில் மஞ்சள். அது வரைக்கும் கண்ணைக் கழற்றி எங்கே வைத்திருந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்தது. வேன் வருகிற நாளும் வந்தது. அம்மையிடம் சொல்லுமுன் இன்னொரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று காலையில் முக்காலியைப் போட்டு ஏறினாள். முக்காலிக்கு ஒரு கால் குட்டை. ஆடியபோது எறவாணத்தைப் பிடிக்கப் போன கை, மூடியிருந்த ஒரு பானையில் போய் விழுந்தது. பாதி உடைந்து கையோடு வந்துவிட்டது.

பதறிப்போய் உள்ளே பார்த்தாள். பச்சைப் புழுக்கள் அடுக்கினாற்போலக் கிடந்தன. சாகவில்லை, ஆனால் அசையவும் இல்லை. எந்தப் புழுவுக்கும் இறகு முளைத்திருக்கவில்லை. அவற்றின் நடுவில் வெள்ளையாக, கொழுகொழுவென்று வேறு ஒன்று, ஒரு புழுவின் வயிற்றில் வாயை வைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

தில்லைநாயகி சாணி மெழுகிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட்டை உடைத்த பயம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிட, இத்தனை வருஷம் ஒன்றுமில்லாததற்காகக் காத்திருந்தோமோ என்ற எண்ணம்தான் அவளை எழவிடவில்லை. மடத்துக்கு வந்த அன்று கிள்ளிய காது மடல் இப்போது வலிப்பது போல இருந்தது.

வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மையே அவளைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"தாயே, கூட்ட உடைச்சிட்டேன்."

"கை தவறியா, வேணும்னா?"

"உடைஞ்சது கை தவறி. உள்ள பாத்தது வேணும்னுதான்."

"என்ன இருந்துது?"

"புழு குளவியாகல தாயே. புழு வெறும் தீனி. வேற ஒண்ணு, குளவியோட குஞ்சு, இருந்து அதத் தின்னுது. அதுதான் குளவியாகும்."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு எதுக்கு என் காதக் கிள்ளுனீங்க?"

மடத்தில் யாரும் அம்மையிடம் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. அம்மைக்குக் கோபம் வரவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தான் கனைக்காம பேசுதீங்க" என்றார்.

மாடக்குழியில் இருந்த இரண்டு அகல் விளக்குகளை எடுத்து வந்தார். வெள்ளைக் குஞ்சையும் அதன் தீனியையும் ஒன்றில் அலுங்காமல் வைத்து, மற்றதைக் கவிழ்த்து மூடினார்.

"பிழைச்சுக்கும். சரி, ரெண்டையும் பிரிச்சிட்டீங்களா?"

தில்லைநாயகி பானைக்காரியைப் பற்றியும் பூச்சுக்காரியைப் பற்றியும் சொன்னாள். கோபம் இன்னும் ஆறாததால் வெடுக் வெடுக்கென்று சொன்னாள்.

"ரெண்டு பேரும் என்ன கொண்டு வாராங்க?"

"பச்சைப் புழு."

"ஒரே புழுவா?"

"ஒரே புழுதான். அந்த அகத்தி மரத்துல இருந்துதான் ரெண்டு பேரும் தூக்கிட்டு வாராங்க."

"அப்ப ஒரே தீனியத் தின்னுட்டு, ஒண்ணு வாலுல மஞ்சளோடயும் ஒண்ணு தோளுல மஞ்சளோடயும் எப்படி வருது?"

"அது என்ன கேள்வி தாயே. எதத் தின்னாலும் அதது அததாத்தான வரும்?"

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவள் போல அம்மையை நிமிர்ந்து பார்த்தாள்.

வாசலில் வேன்காரர் ஆரன் அடித்தார்.

"அந்த வண்டி உங்களுக்குத்தான் வந்திருக்கு நாயகி."

"நான் இன்னும் உங்கள மாதிரி ஆகலையே."

"ஆகல."

"அவங்க முன்னால உக்காந்து நான் என்ன சொல்ல? என்கிட்ட என்ன இருக்கு?"

"இத்தன வருஷம் என்கிட்ட வாங்கித் தின்னது எங்க போச்சு?"

தில்லைநாயகி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலைக்கு மேலே அரத்தால் அராவுவது போல ஒரு சின்னச் சத்தம். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எறவாணத்தில், எப்போதோ மூடிவிட்டுப் போன வேறொரு பானையில் ஈரப் பொட்டு ஒன்று தெரிந்தது. கட்டியவள் அந்தப் பக்கமே வந்து ரொம்ப நாளாகிறது. உள்ளிருந்தே ஈரம் பரவி, அங்கிருந்து மண் துகள் ஒன்று உதிர்ந்தது. ஓட்டை விழுந்துவிட்டது.

பழக்கம் யாரை விட்டது? தில்லைநாயகி ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்த ஈர மண்ணைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள்.

அம்மை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க தாயே, கூடு உடையுது!"

"உடையட்டும்."

ஓட்டையில் முதலில் ஒரு முகம் தெரிந்தது. பிறகு நனைந்த இறகுகளோடு முழு உடம்பும் வெளியே வந்தது. பானையின் மேல் ஏறி நின்று, மீசையைத் துடைத்துக்கொண்டு, வெயிலில் இறகைக் காய வைத்தது.

"எந்த இனம்?" என்று கேட்டார் அம்மை.

"பானைக்காரி. வாலுல மஞ்ச இருக்குல்லா." தில்லைநாயகியின் கண்ணில் நீர் முட்டியது. "ஆனா தாயே, கூட்ட உடைக்கக் கூடாதுன்னு நம்ம மடத்துல சட்டமே இருக்கே!"

"அந்தச் சட்டம் கூட்டுக்கு வெளிய நிக்கிறவங்களுக்கு" என்றார் அம்மை. "நீங்க கையக் கழுவிட்டு வேன்ல ஏறுங்க."