தடுத்ததெல்லாம் எங்கே போகிறது

கோவைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில், ஏசி இரைச்சல் ஓயாத ஒரு கட்டடத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் வேலை பார்த்தார்கள். குரு ஷமீமாவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடர் செங்கோடனுக்கு ஐம்பத்து நான்கு. இதில் யாருக்காவது கூச்சம் இருந்திருந்தால் அது முதல் வாரத்திலேயே போய்விட்டது.

செங்கோடன் தன் காலத்தையெல்லாம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் கழித்தவர். அங்கே பலகையில் எந்த விளக்கு எரிகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. லைனைப் பிடித்துக் கம்பியை மாற்றினால் விளக்கு அணைந்துவிடும், வீட்டுக்குப் போகலாம். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சர்வர் வேலை கற்க வந்தபோதும் அந்தப் பலகையைத் தலையில் சுமந்துகொண்டேதான் வந்தார்.

அந்தக் கட்டடத்தில் பெரிய சர்வர் ஒவ்வொன்றுக்குள்ளும் பல கணினிகள் குடியிருந்தன. கண்ணால் பார்க்கக்கூடிய கணினிகள் அல்ல. ஒரே இயந்திரத்தை மென்பொருளால் தடுத்துத் தடுத்துக் கட்டிய வீடுகள். வி.எம். என்பார்கள். ஒன்றில் ரத்த வங்கி இருந்தது. பக்கத்து வீட்டில் ஓர் இலவச ஆம்புலன்ஸ் அறக்கட்டளை.

ஆம்புலன்சுக்கு வரும் அழைப்பு ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது என்று, அந்த வி.எம்.முக்கு மட்டும் ஒரு நெட்வொர்க் கார்டை நேரடியாகக் கையில் கொடுத்திருந்தார்கள். நடுவில் யாரையும் கேட்காமல் கார்டு அழைப்பை நேரே மெமரியில் எழுதிவிடும். தன் வீட்டு மெமரியில்தான் எழுதுகிறதா என்று பார்க்க மட்டும் ஒரு காவல் உண்டு. அதற்கு ஐ.ஓ.எம்.எம்.யூ. என்று வாயில் நுழையாத ஒரு பெயர். செங்கோடன் காவல் என்றே சொல்லுவார். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

காவல் கார்டைத் தடுத்தால் திரையில் ஓடும் லாக் என்ற பதிவேட்டில் சிவப்பாக ஒரு வரி விழும். இன்ன கார்டு இன்ன முகவரியில் எழுத வந்தது, அனுமதி இல்லை என்று. ஒரு வாரமாக அந்த வரி விழுந்துகொண்டிருந்தது. விழுந்ததும் கார்டு அப்படியே விறைத்து நின்றுவிடும். யாராவது அதைத் திரும்பக் கிளப்புகிறவரை ஓர் அழைப்பும் உள்ளே வராது.

முந்தின நாள் கார்டு அப்படி நின்றிருந்த நேரத்தில், மலையடிவாரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. கணவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தேங்காய் ஏற்றும் வண்டியில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாயும் பிள்ளையும் தப்பியது அவர்கள் நல்ல நேரம். அதற்குப் பிறகு அழைப்புகளை எல்லாம் அறக்கட்டளைச் செயலாளர் திருமூர்த்தியின் செல்போனுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். அடுத்து ஒருவர் கூப்பிட்டால் பிஸி என்று வரும். அந்த அடுத்த ஆள் யாரோ என்று நினைக்க நினைக்க செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் கார்டை மாற்றினார். மெமரியைக் கழற்றித் துடைத்து வேறு மாட்டினார். சிவப்பு வரியில் இருந்த முகவரியை சர்வர் முழுக்கத் தேடினார். அது ரத்த வங்கியின் பகுதியில் போய் நின்றது. ஓடிப்போய் ஷமீமாவிடம் சொன்னார். ஷமீமா வரியைப் பார்த்துவிட்டு, இது சர்வர் எண்ணுகிற எண்ணா, வி.எம். எண்ணுகிற எண்ணா என்று மட்டும் கேட்டார்.

வி.எம். எண்ணுகிற எண்தான். ஒவ்வொரு வி.எம்.மும் தன் மெமரியைத் தன் வீட்டு வாசலிலிருந்து எண்ணும், அதனால் ஒரே எண் வீட்டுக்கு வீடு வேறு இடம். சரி என்று ஆம்புலன்ஸ் வி.எம்.முக்குள் போய்த் தேடினார். அங்கே அந்த முகவரியில் அழைப்பு வாங்குகிற இடமே இல்லை, கார்டுக்கு அப்படி ஒரு முகவரியை அது கொடுக்கவும் இல்லை. கொடுக்காத முகவரிக்குக் கார்டு ஏன் போகிறது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது செங்கோடனுக்கு.

“கார்டை மாத்தியாச்சு, மெமரியை மாத்தியாச்சு. வரி மட்டும் மாறலைங்க மேடம்.”

“நீங்க என்ன நினைக்கறீங்க சார்?”

“காவல்தாங்க கோளாறு. நல்லாப் போயிட்டிருக்கற கார்டை அதுதான் புடிச்சு நிறுத்துது. அதை அணைச்சுப் போடலாங்களா?”

ஷமீமா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

“அந்தக் காலி சர்வர்ல அணைச்சுப் பாருங்க.”

காலி சர்வரில் செங்கோடன் இரண்டு வி.எம்.களைக் கட்டினார். ஒன்றுக்குக் கார்டைக் கொடுத்தார். அறக்கட்டளைக்காரர்கள் செய்வதை எல்லாம் அப்படியே செய்தார். தன் மேசை போனிலிருந்து கூப்பிட்டு, “ஹலோ, ஹலோ, செங்கோடன் பேசறேன்” என்று விடாமல் பேசினார். ஷிஃப்ட் மாறும்போது அவர்கள் செய்கிற மாதிரியே வி.எம்.மைப் பட்டென்று அணைத்துப் போட்டார். காவல் இருந்தபோது சிவப்பு வரி விழுந்தது, கார்டும் நின்றது. காவலை அணைத்தார். வரி இல்லை. மறுபடி பேசினார், மறுபடி அணைத்துப் போட்டார். திரை சுத்தமாக இருந்தது. கார்டு மகராசனாக ஓடிக்கொண்டிருந்தது.

ஷமீமா கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார். செங்கோடன் ஏறக்குறைய ஓடித்தான் வந்தார். அவர் முகத்தில் ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு திரும்பியிருந்தது.

“சரியாப் போச்சுங்க மேடம். ஒரு பிழைகூட இல்லைங்க.”

“பிழை இல்லைன்னு யார் சொன்னா?”

“லாக்குல ஒண்ணுமே இல்லைங்களே.”

“அந்த வரியை லாக்குல எழுதறது யார்?”

காவல்தான் எழுதும் என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஷமீமா டம்ளரைக் கீழே வைத்தார். “முன்னாடி தடுத்ததெல்லாம் இப்ப எங்க போகுது சார்?”

சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. செங்கோடன் திரும்பி வந்து காலி சர்வர் முன்னால் உட்கார்ந்தார். எங்கே போகிறது? எழுதுகிற கார்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. தடுப்பாரும் இல்லை, தடுத்ததைச் சொல்வாரும் இல்லை. யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இதற்கு வரி விழுந்தபோதே நிம்மதியாக இருந்தேன் என்று தன் மேலேயே எரிந்து விழுந்தார்.

பிறகு ஒரு வேலை செய்தார். வழக்கம்போல மேசை போனில் பேசிக்கொண்டே முதல் வி.எம்.மைப் பட்டென்று அணைத்தார். அது விட்ட இடத்தை சர்வர் எடுத்துப் பக்கத்து வி.எம்.முக்குக் கொடுத்தது. அந்த இடம் முழுக்க, ஓர் இடுக்கு விடாமல், ‘அ’ என்ற ஒரே எழுத்தை நிரப்பினார். அ, அ, அ என்று பாலர் பள்ளிச் சிலேட்டு மாதிரி இருந்தது. போனில் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. தொண்டை கட்டுகிறவரை பேசிவிட்டு, அந்த இடத்தைத் திறந்து பார்த்தார்.

எல்லாம் அகரமாகவே ஓடியது. இது வேண்டாத வேலை என்று மூடப் போனபோது நடுவில் ஓரிடத்தில் அகரம் அறுந்து கிடந்தது. அங்கே ஏதோ குப்பை. படிக்க முடியவில்லை. அதைத் தனியாக வெட்டி எடுத்து, ஒலியாக்கும் மென்பொருளில் போட்டார்.

“லோ, செங்கோடன் பே” என்றது அது.

அவர் குரல்தான். அடுத்தவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அது நிஜ சர்வராக இருந்து, அந்தப் பக்கத்து வீடு ரத்த வங்கியாக இருந்து, அறுந்த இடம் யாரோ ஒருவருடைய ரத்த வகையாக இருந்திருந்தால் என்று நினைத்தார். அந்தத் துண்டை மறுபடி ஓடவிட மனம் வரவில்லை.

ஷமீமா பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. ஷமீமாவும் அதைக் கேட்டிருந்தார்.

“கார்டுதாங்க திருட்டுத்தனம் பண்ணுது” என்றார் செங்கோடன்.

“அதுக்கு யார் முகவரி கொடுத்தா?”

“வி.எம்.தாங்க. ஆனா அந்த வி.எம். இப்ப இல்லைங்களே, அணைச்சாச்சே.”

“காலி பண்ணிட்டுப் போறோம்னு கார்டுகிட்ட சொன்னாங்களா?”

செங்கோடனுக்கு இப்போதுதான் புரிந்தது. முகவரியைக் கொடுத்தது பழைய குடித்தனம். அது போன பிறகு கார்டு அதே வாசலைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறது. புதிதாக எழுந்த வி.எம்.முக்குள் அந்த முகவரியை எத்தனை தேடினாலும் எப்படிக் கிடைக்கும்?

ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அணைத்துப் போடச் சொன்னது யார் என்று ஷமீமா கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. போன வாரம் திருமூர்த்தி, அழைப்பு கொஞ்சம் இழுக்கிறது என்று சொன்னபோது, ஷிஃப்டுக்கு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள், எக்ஸ்சேஞ்சில் அதுதான் கைகண்ட வைத்தியம் என்று சொன்னவர் செங்கோடன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை ஷமீமாவிடம் சொன்னார். ஷமீமா தலையை மட்டும் ஆட்டினார்.

மத்தியானம் முழுக்க செங்கோடன் உட்கார்ந்து, வி.எம்.மை அணைக்கிற ஒழுங்கை மாற்றினார். முதலில் கார்டை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டேன் என்று அது சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் வி.எம். இடத்தை விட வேண்டும். காலி சர்வரில் காவலைப் போட்டுப் பார்த்தார், வரி விழவில்லை. நிஜ சர்வரிலும் அதையே ஏற்றிப் பார்த்தார். அங்கேயும் விழவில்லை.

திருமூர்த்தி போனில் வந்தார். இப்போதுதான் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள், ஒருத்தரைத்தான் எடுக்க முடிந்தது என்றார். அவருக்கும் குரல் கம்மியிருந்தது.

“சொல்லுங்கண்ணா, லைனை அங்க மாத்தி உடட்டுங்களா?”

செங்கோடன் ஒரு நிமிஷம் இருங்கள் என்று போனை மேசையில் வைத்துவிட்டு ஷமீமாவைப் பார்த்தார்.

“மேடம், காவலை அணைச்சப்பவும் திரை இப்படித்தாங்க சுத்தமா இருந்துச்சு. இப்பவும் சுத்தமா இருக்குது. அதுக்கும் இதுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியலைங்க.”

“காவல் இருக்குன்னு செட்டிங்கில போட்டிருக்கே?”

“போட்டுத்தாங்க இருக்குது. அதை நம்பி மாத்தி உடச் சொல்ல எனக்குத் தைரியம் வரலைங்க.”

ஷமீமா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அப்ப வேணும்னே ஒரு தப்பு பண்ணுங்க.”

“நிஜ சர்வர்லயா?”

“லைன் இன்னும் இங்க வரலையே. இப்பவே பண்ணுங்க.”

செங்கோடன் தன் போனிலிருந்து அழைப்பை ஓடவிட்டு, புது ஒழுங்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வி.எம்.மைப் பழையபடி பட்டென்று அணைத்தார். இருவரும் திரையைப் பார்த்தார்கள். மேசை மேல் திருமூர்த்தியின் மூச்சு போனில் கேட்டது.

சிவப்பு வரி விழுந்தது.

செங்கோடனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஒரு வாரமாக வாய் வலிக்கத் திட்டிய வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். கார்டைச் சரியாக நிறுத்தி, சரியாகக் கிளப்பி, ஒழுங்கைத் திரும்பப் போட்டார். போனை எடுத்து, மாத்தி உடுங்க தம்பி என்றார்.

லைன் மாறிய கொஞ்ச நேரத்தில் ஓர் அழைப்பு வந்தது. அது முடிவதற்குள் இன்னொன்று வந்தது. இரண்டும் உள்ளே போயின. இரண்டு வண்டிகள் கிளம்பிவிட்டதாகத் திருமூர்த்தி சொன்னார்.

ஷமீமா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். செங்கோடன் கதவுவரை கூடவே போனார்.

“இனிமே அந்தச் சிவப்பு வரி வந்தா உங்களைக் கூப்பிடட்டுங்களா மேடம்?”

“வந்தா நீங்களே பார்த்துக்குவீங்க சார். வரவேண்டிய நேரத்துல வராம இருந்துச்சுன்னா கூப்பிடுங்க.”