மாடு தண்ணீர் குடிக்கும் நேரம்

நீதான் எடுத்தாய். பேர் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாய், உனக்கே தெரியும். உன் வீட்டுப் பெண்பிள்ளைக்கு ஒரு நாளில் உட்கார என்று ஒரு சின்னப் பொழுது இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாய் நீ எடுத்துக்கொண்டாய். தண்ணீர் கொண்டா என்றாய், துண்டைக் காணோம் என்றாய், வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்றாய். அவளும் எழுந்து எழுந்து பழகிவிட்டாள். சரி, இரு. சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் கதையைக் கேள். மற்றவர்களும் கேளுங்கள்.

உப்பு வண்டிகள் ஊர் ஊராய்ப் போன காலம் அது. கடலோரத்தில் உப்பை வாரி மூட்டை கட்டுவார்கள். மலைநாட்டுக்கு ஏற்றிப் போய், மிளகும் தேனும் தினையுமாய் மாற்றிக்கொண்டு வருவார்கள். வண்டிக்கு முன்னால் மணிச் சத்தம் வரும். மணிக்கும் முன்னால் புழுதி வரும். புழுதியைப் பார்த்ததுமே பிள்ளைகள் ஓடிப்போய்ப் பாதையோரம் நிற்கும். அப்போதும் ராஜா இருந்தார், மந்திரி இருந்தார். ஆனால் ராஜா வரவில்லையே என்று எந்த ஊரும் ஏங்கியதில்லை. உப்பு வண்டி வரவில்லையே என்றுதான் ஏங்கியது.

அந்த வண்டிகளில் முன்வண்டி வெள்ளச்சியுடையது. பேரத்தில் அவளை ஜெயித்தவர் கிடையாது. மலைநாட்டு வியாபாரி குறைத்துக் கேட்டால் பதில் பேச மாட்டாள். அவிழ்த்த மூட்டையைத் திரும்பக் கட்ட ஆரம்பிப்பாள். முடிச்சுப் போடுவதற்குள் அவன் வழிக்கு வந்துவிடுவான்.

வேலையிலும் அப்படித்தான். விடியுமுன் மாட்டுக்குத் தீனி, பிள்ளைக்குக் கஞ்சி, மாமியாருக்கு வெந்நீர். பிறகு நாள் முழுக்க முன்மாடு செவலையின் கயிற்றைப் பிடித்தபடி நடை. வண்டிக்கடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அது நிறைய விளக்கெண்ணெய். அச்சு கிறீச்சிட்டால் அதிலிருந்து எடுத்துப் போடுவாள். குளம்பு வறண்டால் போடுவாள். கயிறு உரசி மாட்டுக்குப் புண் வந்தால் போடுவாள்.

அவள் குதிகாலில் மட்டும் பித்தவெடிப்பு பாளம் பாளமாய்ப் பிளந்து கிடந்தது. உப்புப் பாத்தியில் நின்று நின்று வந்தது. உப்பு அதில் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள்.

பின்வண்டிக்காரி கோதை கேட்பாள்: "குழாய் நிறைய எண்ணெய் வச்சிருக்க. கால்ல ஒரு சொட்டு விட்டா என்னடி?"

"அது வண்டிக்கு உள்ளது" என்பாள் வெள்ளச்சி.

மலைநாட்டுக்குப் போக ஒரே ஒரு கணவாய். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் ஒரு வண்டிக்குத்தான் தடம். அதன் அடிவாரத்தில் ஆதன் என்று ஒரு காவலன் இருந்தான். ஏறப்போகும் கால்களையெல்லாம் தொட்டுப் பார்த்துத்தான் விடுவான். அது அந்தக் கணவாயின் கட்டளை.

அந்த வருஷம் வெள்ளச்சியின் மாடுகளைப் பார்த்துவிட்டு, "குளம்பெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு தங்கச்சி" என்றான் ஆதன். "இப்ப உன் காலைக் காட்டு."

"நான் என்ன மாடா அண்ணே?"

"மாட்டுக்கு முன்னால போறது நீதானே. போன வருஷம் ஒரு வண்டிக்காரன் கால் நொண்டி நடுவழியில நின்னான். பின்னால வந்த வண்டி பள்ளத்துல போச்சு. காட்டு."

காட்டினாள். வெடிப்பில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆதன் செவலையின் குளம்பைப் பார்த்தான். அவள் குதிகாலைப் பார்த்தான். மறுபடி குளம்பைப் பார்த்தான்.

"மத்த வண்டியெல்லாம் போகட்டும். இது நிக்கட்டும்" என்றான்.

விடுவாளா? பேரத்தை ஆரம்பித்தாள்.

"ஒரு மூட்டை உப்பு தர்றேன் அண்ணே."

"வாங்கி உன் வெடிப்புலயா போடறது?"

"வீட்டுக்காரர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வரட்டும்."

அவள் புருஷன் சாத்தன் கயிற்றைப் பிடித்தான். செவலை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"மாட்டுக்கே சம்மதமில்லை" என்றான் ஆதன்.

"நான் வண்டி மேல உட்கார்ந்துக்கிறேன்."

"ஏத்தத்துல உப்பை இழுக்கவே அதுக்கு மூச்சு வாங்கும். மேல நீயுமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக வெள்ளச்சியின் பேரம் படியவில்லை. மற்ற வண்டிகள் மணியடித்துக்கொண்டு ஏறிப் போயின. "சந்தையில உன் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன், மழைக்கு முன்னால வந்து சேரு" என்று கோதை கத்திக்கொண்டே போனாள். மேற்கே வானம் கறுக்க ஆரம்பித்திருந்தது. மழை இறங்கினால் மூட்டை கரையும். அந்த மூட்டைகளில்தான் அவள் குடும்பத்தின் வருஷத்துச் சாப்பாடு இருந்தது.

புருஷன், மாமியார், மகளோடு அடிவாரத்து ஓடைக்கரையில் வண்டியை அவிழ்த்துப் போட்டாள். வெள்ளச்சிக்குக் கோபம். கால் மேலே கோபம். குழாயை எடுத்தாள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எண்ணெயும் மஞ்சளும் குழைத்து அப்பினாள், இலை வைத்துக் கட்டினாள். ஒரே நாளில் தீர்த்துவிடலாம் என்று நினைப்பு. அடுத்த நாள் கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு விறகுக்கும் தண்ணீருக்கும் ஓடினாள். வெடிப்பு பழையபடி வாயைத் திறந்தது.

பிறகு, வேலையெல்லாம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தாள். வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே தூங்கிப்போனாள்.

மூன்றாவதாக ஒன்று தோன்றியது. சாயங்காலம் செவலையை ஓடையில் இறக்கிவிட்டுக் கயிற்றைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். உப்பு வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாடு தண்ணீரில் வாய் வைத்துவிட்டால், கயிற்றைப் பிடித்திருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது. சத்தம் கேட்டால் மாடு தலையைத் தூக்கிவிடும். தூக்கினால் திரும்பக் குடிக்காது, மறுநாள் இழுக்காது. வண்டி கட்டத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். எத்தனை வருஷமாய் அவள் இந்தக் கயிற்றைப் பிடித்து நின்றிருக்கிறாள். நிற்கத்தான் நின்றாள், உட்காரத் தோன்றியதில்லை.

அன்றைக்கு உட்கார்ந்தாள். ஓடைத் தண்ணீரில் காலைக் கழுவினாள். துடைத்தாள். ஒரு துளி எண்ணெயைத் தடவி, கட்டை விரலால் குதிகாலை அழுத்தித் தேய்த்தாள். செவலை நிமிரவும் அவள் எழுந்துகொண்டாள். அவ்வளவுதான்.

மறுநாள் அந்த நேரத்தில் சாத்தன் வந்தான். "புள்ள, என் மேல்துண்டு எங்க?"

"மாடு தண்ணி குடிக்குது மாமா" என்றாள் மெல்ல.

அவன் வாயை மூடிக்கொண்டு போய்த் தானே தேடினான். துண்டு அவன் தோளிலேயே இருந்தது.

அதற்கு மறுநாள் மாமியார் வந்தாள். "அடுப்பு அணைஞ்சு போச்சு, வந்து ஊது."

"மாடு தண்ணி குடிக்குது அத்தை."

மாமியார் முனகிக்கொண்டே போய் ஊதினாள். அடுப்பு யார் ஊதினாலும் எரியும் என்று அன்றைக்கு அவளுக்கும் தெரிந்தது.

அதற்கு மறுநாள் மகள் வந்தாள். "அம்மா" என்று ஆரம்பித்தவள் மாட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலையும் தண்ணீரில் விட்டாள்.

இப்படியே தினமும். நாள் தவறவில்லை. வெடிப்பு ஓரத்தில் மூடியது, உள்ளே மூடியது. மேலே மெல்லிசாய்ப் புதுத் தோல் படர்ந்தது.

அப்போது வந்தது முதல் தூறல். சாத்தன் பதறிப்போனான்.

"துணியை இறுக்கிச் சுத்து புள்ள. ஆறிப்போச்சுன்னு சொல்லு. ஆதன் அவுத்தா பார்க்கப் போறான்? இன்னைக்கு ஏறலைன்னா எல்லாம் தண்ணியாப் போயிடும்."

வெள்ளச்சிக்கும் ஏறிவிடலாமா என்றுதான் இருந்தது. மூட்டைகளைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், குதிகாலை விரலால் அமுக்கிப் பார்த்தாள். இன்னும் வலித்தது.

"மாமா, செவலைக்குக் குளம்பு பாதி ஆறியிருந்தா ஏத்துவீங்களா?"

அவன் யோசித்தான். "ஏத்த மாட்டேன்."

"அப்ப நானும் ஏறலை."

சாத்தன் வண்டிக்கு ஓடினான். ஓலைப் பாய்களை இழுத்து மூட்டைகளை மூடினான். மகளும் மாமியாரும் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார்கள். மழை பெய்தது. அடி மூட்டைகள் கரைந்து ஓடையில் கலந்தன. அந்த வெண்மை போவதைப் பார்த்துக்கொண்டே வெள்ளச்சி மறுநாளும் காலுக்கு எண்ணெய் போட்டாள். அதற்கு மறுநாளும் போட்டாள்.

வானம் கொஞ்சம் வெளுத்த ஒரு காலையில் ஆதன் முன்னால் போய்க் காலை நீட்டினாள். அவன் அழுத்திப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். முகம் சுளிக்கவில்லை. தடத்தை விட்டு விலகி நின்றான்.

பாதி ஏற்றத்தில் ஒரு வளைவு உண்டு. மழையில் பாறை வழுக்கியது. செவலையின் முன்கால் சறுக்கியது. வண்டி பின்னால் நகர்ந்தது, ஒரு சக்கரம் பள்ளத்து ஓரத்துக்கே போய்விட்டது. பின்னால் மகள் நடந்து வந்துகொண்டிருந்தாள். வெள்ளச்சி குதிகாலைப் பாறை இடுக்கில் ஊன்றினாள். கயிற்றில் சாய்ந்தாள். உடம்பு முழுக்க அந்த ஒரு குதிகாலில் நின்றது. நின்ற கால் நின்றது. சாத்தன் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுக்கும்வரை அசையவில்லை. தூறல் விழுந்த அன்றைக்கே ஏறியிருந்தால் அந்தத் தோல் பிளந்திருக்கும், கால் வழுக்கியிருக்கும். அப்புறம் நடந்திருக்கக்கூடியதை நான் சொல்ல மாட்டேன். மகள் பின்னால்தான் வந்தாள் என்று முன்னமே சொல்லிவிட்டேன்.

மேலே போய்ச் சேர்ந்தார்கள். மிச்ச மூட்டைகளுக்கு அவள் பேசிய பேரத்தில் வருஷச் சாப்பாடு தேறியது. பேரத்தின் நடுவிலேயே செவலையைத் தண்ணீருக்கு இறக்கும் நேரம் வந்தது. அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். வியாபாரி காத்திருந்தான்.

அப்புறம் அந்தப் பாதை முழுக்க அது வழக்கமானது. சாயங்காலம் குளக்கரைகளில் வரிசையாய் மாடுகள் குடிக்கும். பக்கத்தில் வரிசையாய்ப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி காலுக்கு எண்ணெய் போடுவாள். ஒருத்தி தலையை அவிழ்த்துச் சீவுவாள். கோதை ஒன்றுமே செய்யாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு குரலும் அவர்களைக் கூப்பிடாது. அந்த அமைதியைக் கேட்டவர்கள் சாகும்வரை அதைப் பற்றிப் பேசினார்கள். எப்பேர்ப்பட்ட சாயங்காலங்கள் அவை.

பிறகு உப்பு வண்டிகள் நின்றுபோயின. மாடுகள் போயின. அதை நீ செய்யவில்லை, காலம் செய்தது. அதற்கு உன்னை நான் கேட்க மாட்டேன். ஆனால் மாடு போனதைச் சாக்காக வைத்து உன் வீட்டுப் பெண்பிள்ளை உட்கார்ந்த பொழுதையும் சேர்த்து எடுத்தாயே, அதைக் கேட்பேன்.

எல்லாரையும் இழுத்துக்கொண்டு முன்னால் நடக்கிறவள், தன் உடம்புக்கென்று தினமும் ஒரு சின்னப் பொழுதை வைத்து, அதை எவர் கூப்பிட்டாலும் விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும் என்பதே இந்தக் கதையின் நீதி.

இது அவளுக்குச் சொன்ன நீதி. உனக்குச் சொல்ல நீதி ஒன்றும் இல்லை, வேலைதான் இருக்கிறது. எழுந்து வீட்டுக்குப் போ. அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். கையிலிருக்கும் கரண்டியை வாங்கிக்கொண்டு அவளை உட்காரச் சொல். நாளைக்கும் சொல், அதற்கு மறுநாளும் சொல். இன்றைக்குக் கொஞ்சம், மீதி அப்புறம் என்கிற பேச்செல்லாம் என்னிடம் வேண்டாம். எடுத்ததை முழுசாய்த் திருப்பிக் கொடு.