ஆடிக்குப் போன மீன்

வறட்டுப்பாறைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி ஊர்ப் பெயரைச் சொன்னால், டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால் கண்டக்டர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட ஊர். அங்கே மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் நயினார், பலவேசம், தளவாய் என்ற மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நம்பாவிட்டால் பரவாயில்லை. அந்த வீட்டு முன்னறையில் இன்றைக்கும் ஒரு கடல் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்களுடைய அப்பா கண்ணை மூடும்போது ஒரே ஒரு புத்திமதி சொன்னார். “சொன்னதைச் செய்யுங்க. சொல்லாததைச் செய்யாதிய.” அன்றிலிருந்து மூவரும் அதிலிருந்து இம்மி பிசகவில்லை. மூத்தவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், “யாரும் பண்ணிக்கிடச் சொல்லலையே” என்பார்கள்.

கடைசித் தம்பி தளவாய்க்கு மட்டும் ஆனது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்கு வத்தல் கொண்டுபோயிருந்தபோது, இசக்கியப்பன் என்ற மீன்பிடிக்காரர், “எம் மவளைக் கட்டிக்கிடுதியா?” என்று விளையாட்டாகக் கேட்டார். கேட்டுவிட்டாரே என்று தளவாய் கட்டிக்கொண்டான். அவர் மகள் முத்தரசியும், இந்தக் காலத்தில் சொன்ன பேச்சு கேட்கிற ஆள் எங்கே கிடைக்கிறான் என்று சம்மதித்துவிட்டாள்.

வந்த இடத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலமானால் மட்டும் வாசலில் நின்று கிழக்கே பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

“என்னத்தப் பாக்க?” என்று கேட்டான் தளவாய்.

“கடல.”

“அங்க கல் குவாரில்லா இருக்கு?”

“அதுக்குத்தான் பெருமூச்சு.” முத்தரசி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கடலப் பாக்காம எனக்கு மூச்சு முட்டுது. ஆடிக்கு எங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போவாவ. போனா திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல.”

புதுப்பெண் ஆடி மாதம் தாய்வீட்டுக்குப் போவதும், ஆவணி பிறந்ததும் திரும்பி வருவதும் ஊர் வழக்கம். போனவள் வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று வழக்கத்தில் யாரும் சொல்லி வைக்கவில்லை. தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. அண்ணன்மார் இருவரும் அவனை நடுவில் உட்கார வைத்து ஆலோசனை செய்தார்கள்.

“வீட்டக் கடலுக்குப் பக்கத்துல நகத்திக்கிட்டுப் போயிருவோமா?” என்றான் பலவேசம்.

“வீட்டுக்கு அஸ்திவாரம் இருக்குலே. கடலுக்கு இருக்கா?” என்று கேட்டார் நயினார்.

“இருக்குத மாதிரித் தெரியல.”

“அப்போ எதை நகத்துறது லேசு?”

மூவரும் யோசித்தார்கள். கடலை நகர்த்துவதுதான் லேசு என்று முடிவாயிற்று.

தூத்துக்குடியில் அருள்சீலன் என்பவர் கடல்மீன் தொட்டி வைத்துக் கொடுக்கும் கடை நடத்திவந்தார். சாதாரணமாக அவர் பேசப் பேச வாடிக்கையாளர்கள் செல்போனை நோண்டுவார்கள். இந்த மூன்று பேரும் கண்கொட்டாமல் கேட்டார்கள். பாவம், மனிதர் பூரித்துப்போனார்.

“மொதல்ல தொட்டிய வைக்கிற ஸ்டாண்டு. தண்ணி நிறைஞ்சா நாலு ஆள் பாரம் இருக்கும். தாங்குமான்னு பாத்துக்கிடுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மூவரும் ஸ்டாண்டின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். நாலாவது ஆளுக்கு எங்கே போவது? கரண்ட் ரீடிங் எடுக்க ஒருவர் வந்தார்.

“ஏறுங்க சார்.”

“எதுக்கு?”

“நீங்கதான் நாலாவது பாரம்.”

அவர் நல்ல மனுஷன். ஏறி உட்கார்ந்து, ரீடிங்கை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். ஸ்டாண்டு தாங்கியது.

முத்தரசிக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்பது தளவாயின் ஆசை. அதனால் முன்னறையில் கட்டில் நீளத்துக்கு இருந்த தொட்டியைப் பூப்போட்ட போர்வையால் மூடிவைத்தார்கள். முத்தரசி அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுக்களைக்குப் போவாள். என்ன அது என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்தது உப்பு. சாப்பாட்டு உப்பு ஆகாது, தொட்டிக்கென்றே விற்கிற உப்பைச் சுத்தமான தண்ணீரில் கலக்க வேண்டும், கடல் தண்ணீர் எவ்வளவு உப்போ அவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லி, அளக்க ஒரு கருவியும் கொடுத்திருந்தார் அருள்சீலன். நயினாருக்குக் கருவிமேல் நம்பிக்கை இல்லை.

“இது கடலப் பாத்திருக்காலே?”

“கடையிலதான இருந்துது.”

“அப்போ இதுக்கு எப்பிடித் தெரியும்? இந்த வீட்டுல கடல்தண்ணி குடிச்ச ஆளு ஒண்ணே ஒண்ணுதான்.”

தளவாய் ஒரு கரண்டியில் தண்ணீரோடு அடுக்களைக்குப் போனான். “கண்ண மூடிக்கிட்டு இத ருசி பாரு. எதுக்குன்னு கேக்கப்பிடாது.”

முத்தரசி நாக்கில் விட்டுப் பார்த்து, “இன்னும் ரெண்டு கை போடணும்” என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டினாள். இரண்டு கை போட்ட பிறகு கருவியை வைத்துப் பார்த்தால், முள் அருள்சீலன் காட்டிய கோட்டில் அசையாமல் நின்றது. கருவியும் பரவாயில்லை என்றார் நயினார்.

பிறகு கல். “பவளத்துக்கு ஆசப்படாதிங்க. கடல்ல இருந்து அத எடுக்கது சட்டப்படி குத்தம்” என்றார் அருள்சீலன். “இது நம்ம தொட்டியிலயே போட்டுப் பழக்குன கல்லு. கண்ணுக்குத் தெரியாத உயிரு கோடிக்கணக்குல உள்ள இருக்கு. அதுதான் தண்ணியச் சுத்தம் பண்ணும். ஈரத் துணியில பொதிஞ்சு கொண்டு போங்க. காய விட்டா செத்துரும்.”

பஸ்ஸில் பலவேசம் கல்லுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தான்.

“எங்களுக்கு மூணு டிக்கெட்டு, இவருக்கு ஒண்ணு” என்றார் நயினார்.

கண்டக்டர் ஈரத் துணியை விலக்கிப் பார்த்தார். “யோவ், இது கல்லு!”

“உயிரு இருக்கு அண்ணாச்சி. உள்ள கோடிப் பேரு இருக்காவ.”

“அப்போ கோடி டிக்கெட் எடும்.”

நயினார் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். “எல்லாரும் கைப்பிள்ளைதான். கண்ணுக்கே தெரிய மாட்டாவ. பாத்துச் செய்யுங்க.”

கண்டக்டர் அன்றைக்கு ஊர் வருவதற்குள் பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டார்.

கல்லைத் தொட்டியில் வைத்ததும் அருள்சீலனுக்குப் போன் போட்டார்கள். “இனிமேதான் முக்கியம்” என்றார் அவர். “ஒரு மாசம் மீன் போடக்கூடாது. தொட்டி பக்குவப்படணும். அவசரப்பட்டுத்தான் எல்லாரும் கெடுக்காவ. கண்ணாடியெல்லாம் பழுப்படிக்கும், பயப்படாதிங்க. நீங்க ஒண்ணுமே செய்யாம உக்காந்திருங்க.”

மூவரும் தொட்டிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். கண்ணாடி பழுப்படித்தபோது போர்வை இடுக்கு வழியாகப் பயப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில், களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், வானம் கறுத்துக் கோடை மழை பிடித்துக்கொண்டது.

“வத்தல் நனையுது! வாங்களேன்!” என்று களத்திலிருந்து கத்தினாள் முத்தரசி.

“அள்ளுறது, செய்யுறதுல சேருமாலே?” என்று கேட்டார் நயினார்.

“அள்ளுறது அள்ளுறதுதான். செய்யுறது வேற” என்றான் பலவேசம்.

“ஆனா அள்ளி முடிச்ச பெறவு, ஒண்ணுமே செய்யலன்னு அந்த மனுஷன்ட்ட சொல்ல முடியுமா?”

“அது சங்கடந்தான்.”

விவாதம் முடிவதற்குள் பாதி வத்தல் வாய்க்காலில் மிதந்துபோயிற்று. மீதியை முத்தரசி ஒற்றை ஆளாக அள்ளிக் கட்டினாள். நனைந்த வத்தல் அள்ளினால் கை என்ன பாடு படும் என்று அள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

“ஆடி பொறக்கட்டும். போனா போனதுதான்.”

தளவாய் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து நாலு வார்த்தை ஆறுதல் சொல்லத் துடித்தான். அதுவும் ஏதோ ஒன்று செய்வதாகிவிடுமே என்று, கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தான்.

மாதம் கழிந்தது. அருள்சீலன் தன் கடையிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்த ஒரு ஜோடி மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்.

“பெருசு பொண்ணு, சின்னது ஆணு. இந்த மீன்ல ஒரு அதிசயம் உண்டு. பொண்ணு இல்லாமப் போயிட்டா, மிச்சம் இருக்கதுல எது பெருசோ அது கொஞ்ச நாள்ல பொண்ணா மாறிரும்.”

மூவரும் வாயைப் பிளந்தார்கள்.

“கொண்டுபோனதும் சடார்னு தொட்டியில விட்டுராதிங்க. பையோட மிதக்க விட்டு, தொட்டித் தண்ணியக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்திப் பழக்கணும். புகுந்த வீட்டுக்கு வந்த புதுப்பொண்ண வச்சுக்கிடுத மாதிரி வச்சுக்கிடுங்க.”

இந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வாசலில் பையை நிறுத்தி ஆரத்தி எடுத்தார்கள். பெரிய மீனுக்குக் குங்குமம் வைக்க வழி தெரியாமல் பையில் வைத்தார்கள். பிறகு பலவேசம் பாலும் பழமும் கொண்டுவந்து, போர்வையை விலக்கி, தொட்டியில் பால் டம்ளரைச் சாய்க்கப் போனான். அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள் முத்தரசி.

“நாசமாப் போச்சு! பால ஊத்துனா அத்தனையும் செத்துரும் அத்தான்!”

பையை மிதக்க விட்டதும், சிறு டம்ளரால் தண்ணீர் பழக்கியதும் அவள்தான். மீன் இரண்டும் பையை விட்டு வெளியே வந்து, தொட்டி விளக்கின் நீல வெளிச்சத்தில் கல்லைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தன. முத்தரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவள் வாசலுக்குப் போகவில்லை.

“ஒனக்குத்தான் இது. போனா திரும்பி வருவியா?” என்று மெல்லக் கேட்டான் தளவாய்.

“கை இன்னும் எரியுது. ஆடி வரட்டும், பாப்போம்” என்றாள். கண் தொட்டியை விட்டு நகரவில்லை.

ஆடியும் வந்தது, சீர்த்தட்டோடு இசக்கியப்பனும் வந்தார். பஸ் நிற்குமிடம் வரைக்கும் எல்லோரும் போனார்கள். முத்தரசி ஏறப்போகும்போது நயினார் ஒரு தண்ணீர்ப் பையை நீட்டினார். உள்ளே பெரிய மீன்.

“இவளையும் கூட்டிட்டுப் போ தாயி. இவளும் புதுப்பொண்ணுதான? ஆடியில தாய்வீட்டுக்கு அனுப்பலன்னா ஊரு என்ன பேசும்?”

இசக்கியப்பன் பையை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். “கடல்ல இருந்து மீனக் கொண்டாந்துருக்கேன். கொண்டுபோய் விடுதது இதுதான் மொதத் தடவ.”

“அந்த மீனு ஆம்பளையா பொம்பளையா?” என்று படியில் நின்ற கண்டக்டர் அவசரமாகக் கேட்டார்.

“பொம்பள.”

“இந்த பஸ்ல பொம்பளையளுக்குக் காசு கெடையாது. தயவுசெஞ்சு ஏறுங்க.”

முத்தரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏறினாள். திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீனை மட்டும் பத்திரமாக அதன் தாய்வீடான அருள்சீலன் கடையில் சேர்த்துவிட்டாள்.

வீட்டில் தளவாய் சமைக்க ஆரம்பித்தான். சாயங்காலமானால் வாசலில் நின்று கிழக்கே பார்த்துப் பெருமூச்சு விட்டான். அண்ணன்மார் இருவரும் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நேத்து ரசம் வச்சான்” என்றார் நயினார்.

“நல்லாவும் இருந்துது” என்றான் பலவேசம் கவலையோடு. “தொட்டியில மிச்சம் இருக்க மீனும் குண்டாகுது, பாத்தியா?”

“பொண்ணு இல்லாமப் போயிட்டா மாறிரும்னு அவரு அப்பவே சொன்னாரு. நாமதான் மீனுக்கு மட்டும்னு நெனச்சுட்டோம்.”

“இப்ப என்ன செய்ய?”

“மாறுனது மாறியாச்சு. புதுப்பொண்ணு, ஆடி மாசம். தாய்வீட்டுக்கு அனுப்பணும்.”

“நமக்குத்தான் அம்மா இல்லையே.”

“முத்தரசி போனதாலதான மாறுனான்? அப்போ அவ வீடுதான் இவனுக்கும் தாய்வீடு.”

விஷயத்தைச் சொன்னதும் தளவாய் துணிமணியை அள்ளினான். மற்ற இருவரும் செருப்பு மாட்டுவதற்குள் பையோடு தெருவில் நின்றான்.

வத்தல் ஏற்றிய லோடு வேனில் போய், குண்டு மீனை அருள்சீலன் கடையில் இறக்கிவிட்டு, இசக்கியப்பன் வீட்டு வாசலில் நின்றார்கள். நயினார் கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. முத்தரசி கதவைத் திறந்தாள்.

“தாயி, எங்க வீட்டுப் பொண்ண ஆடிக்குக் கொண்டாந்துருக்கோம். கண்கலங்காம வச்சுக்கிடுங்க” என்றார் நயினார்.

தளவாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கையில் முழம் மல்லிகைப்பூ. அவனை மேலும் கீழும் பார்த்த முத்தரசிக்குச் சிரிப்பு பீறிட்டது. நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்து கேட்டாள்.

“ஒங்களுக்கு என்ன செய்யுது?”

“சாயங்காலமானா மூச்சு முட்டுது.”

“கடலப் பாக்காமயா?”

“ஒன்னப் பாக்காம.”

முத்தரசிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு பூவை வாங்கித் தன் தலையில் வைத்தாள்.

“பெரியத்தான், ஆவணி பொறந்ததும் ஒங்க வீட்டுப் பொண்ண நானே பத்திரமாக் கூட்டிட்டு வாரேன். மீனு ரெண்டையும் சேத்து. அதுவர தொட்டியப் பாத்துக்கிடுங்க. பால் மட்டும் ஊத்திராதிங்க.”

அண்ணன் தம்பி இருவரும் நிறைந்த மனதோடு டவுன் பஸ்ஸில் திரும்பினார்கள். பாதி வழியில் பலவேசத்தின் முகம் மாறியது.

“அண்ணே, இப்ப வீட்டுல நாம ரெண்டு பேருதான்.”

“ஆமா.”

“பொண்ணு யாரும் இல்ல.”

“இல்ல.”

“மிச்சம் இருக்கதுல எது பெருசோ அதுதான் மாறும்னு சொன்னாரு. நம்மில நீதான பெருசு?”

நயினார் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “ரசத்துக்கு மொதல்ல புளியா, பருப்பாலே?” என்று கேட்டார். 

அப்போது கண்டக்டர் வந்தார். கல் இல்லை, மீன் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, “ரெண்டு டிக்கெட்டா?” என்று நிம்மதியாகக் கேட்டார்.

“அவனுக்கு ஒண்ணு கிழிங்க அண்ணாச்சி” என்றார் நயினார். “பொம்பளையளுக்கு இங்க காசு இல்லன்னு தெரியும். ஆனா நான் இன்னும் முழுசா மாறல. எனக்கு அர டிக்கெட்டு.”