குரங்கார் போட்ட எல்லை

அல்லிக்குளத்து மதகைத் திறந்து மூடுவது ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் உள்ள ஒரு நிரல். எழுதியவர் குரங்கார். அந்தக் குளத்தின் கரை மணலில் ஆமையம்மா இருபது முட்டைகளைப் புதைத்திருந்தாள். பொரிக்க இன்னும் இரண்டே நாள்.

காலையிலிருந்து அடைமழை. தண்ணீர் ஐந்தடியைத் தொட்டால் மதகு தானாகத் திறக்க வேண்டும். ஐந்தடி ஆயிற்று. ஆறடியும் ஆயிற்று. மதகு அசையவில்லை. எருமை முட்டித் தள்ளியும் பயனில்லை.

"ஏழடி ஏறினா என் பிள்ளைங்க முழுகிடும்! ஏதாவது செய்யுங்க!" என்று கதறினாள் ஆமையம்மா.

"உன்னை யார் கரையில முட்டை வைக்கச் சொன்னது?" என்றார் குரங்கார். கூசாமல் கேட்டார்!

அங்கே நின்றிருந்த கீரிப்பெண் மின்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமை வேற எங்கே வைக்கும், மரத்துலயா? தள்ளுங்க மாமா, நிரலை நான் பார்க்கிறேன்!"

ஆமையம்மா மிரண்டாள். "கீரிக்கு முட்டை மேல என்ன அக்கறை?"

"நான் முட்டை தின்னுறதை விட்டு ரெண்டு வருஷமாச்சு, அத்தை!"

நிரலின் முதல் வரியில் குரங்கார் மதகு திறக்கும் மட்டத்துக்கு 'எல்லை' என்று பெயர் வைத்து, அதன் முன் 'வார்' (var) என்ற சொல்லைப் போட்டு, ஐந்து என்று எழுதியிருந்தார். கீழே, மீன்களை எண்ணும் பகுதியிலும் அதே பெயர், அதே வார். ஆனால் ஐம்பது!

"வார் போட்டா அது அந்தப் பகுதிக்குள்ள அடங்கி இருக்காது, மாமா! உங்க ஐம்பது மீன் வெளியே வந்து ஐந்தடியை அழிச்சிடுச்சு. மதகு இப்போ ஐம்பதடித் தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருக்கு!"

"பதினைஞ்சு வருஷமா வார்தான் எழுதுறேன். ஒரு குறை வந்ததில்லை!"

"போன மழையிலயும் மதகு திறக்காம, வளை முழுகி, காட்டை விட்டே போன முயலைக் கேளுங்க!"

"அது மழையோட குத்தம்..." என்று இழுத்தவர், மதகைப் பார்த்தார். கணினியை மின்னி பக்கம் தள்ளினார்.

மின்னி மேல் வரியில் வாரை அடித்துவிட்டு, மதிப்பை மாறவிடாத 'கான்ஸ்ட்' (const) என்ற சொல்லைப் போட்டாள். நிரலை ஓட்டினாள். திரையில் சிவப்பு எழுத்து பாய்ந்தது: 'எல்லை ஏற்கெனவே இருக்கிறது!'

"பார்த்தீங்களா? கான்ஸ்ட் போட்டிருந்தா அன்னைக்கே கணினி கத்தியிருக்கும்!"

மீன் பகுதியில் வாரை எடுத்துவிட்டு 'லெட்' (let) என்ற சொல்லைப் போட்டாள். "இந்த எல்லையை இங்கேயே மாத்திக்கலாம். வெளியே போய் எதையும் அழிக்காது."

மறுபடி ஓட்டினாள். மதகு கிறீச்சிட்டுத் திறந்தது! முட்டைகளுக்கு நாலு விரல் கீழே வந்து நின்ற தண்ணீர், மெல்ல இறங்கியது.

மூன்றாம் நாள் இருபது குட்டிகளும் குளத்தில் துழாவிக்கொண்டிருந்தன. குரங்கார் நிரலை முதல் வரியிலிருந்து திருத்திக்கொண்டிருந்தார்.

"மின்னி, தண்ணீர் மட்டம் ஏறி இறங்குமே. அதுக்கு கான்ஸ்டா, லெட்டா?"

"லெட்!" என்று முந்திக்கொண்டு கத்தினாள் ஆமையம்மா.

மாறக்கூடாததைப் பூட்டி வை, மாறுவதை அதன் இடத்துக்குள் வை. 'இத்தனை வருஷமா இப்படித்தான்' என்பது எந்தத் தவறுக்கும் பதிலாகாது.