பிடரித் தழும்பு

"சாமி, ஒரு கதையைத் தடுமாறாம சொல்ல வழி சொல்லுங்க" என்றார் பலராமன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். குருவைவிட இருபது வயது மூத்தவர்.

"என்ன கதை?"

"என் கதைதான். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எனக்கு மரியாதை செய்றாங்க. பசங்க அதை நாடகமாவே போடறாங்க. நானும் பேசணும். எழுந்து நின்னாலே நெஞ்சை அடைக்குது."

"முன்னாடி அடைக்காதா?"

"எப்பவும் அடைக்கும். நாளைக்கு மாசிலாமணி மக வேற முன்வரிசையில இருப்பா. என்னைப் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடுவா."

"மாசிலாமணி யாரு?"

"என் கூட்டாளி. நான் தூக்கிட்டு வந்தவன்."

"சொல்லுங்க, கேட்கிறேன்."

பலராமன் சொன்னார். எல்லை. மலை. மழை. மாசிலாமணிக்குக் குண்டு பட்டது. முதுகில் போட்டுக்கொண்டு நாலு மைல் இறங்கினார். முகாமுக்கு வந்து சேர்ந்ததும் மாசிலாமணியின் உயிர் போய்விட்டது.

"அவன் பிடரியில புளியங்கொட்டை அளவு ஒரு தழும்பு, சாமி. மழைத்தண்ணி அது மேலதான் வழிஞ்சுது. வழி முழுக்க அதையே பார்த்துக்கிட்டு வந்தேன்."

குரு எழுந்து வந்து, பலராமனுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏறுங்க."

"என்ன சாமி இது? நான் எண்பது கிலோ."

"ஏறுங்கங்கிறேன்."

ஏறினார். குரு தள்ளாடி எழுந்தார். பத்தடி நடந்தார்.

"என்ன தெரியுது?"

"உங்க பிடரி."

"எனக்கு உங்க மூச்சு மட்டும்தான் கேட்குது."

குரு இன்னும் பத்தடி நடந்தார்.

"இறக்கி விடுங்க சாமி."

"நீங்கதான் இறங்கணும்."

இறங்கினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குண்டு பட்டது எனக்கு. அவனுக்கும் பட்டிருந்துது. சொல்லாமலே தூக்கிட்டு வந்தான். ஊர்ல மாத்திப் பேசினாங்க. மாலை போட்டாங்க. நான் திருத்தலை."

குரு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மேடையில் பட்டாளத்து உடுப்பில் இரண்டு பையன்கள். பலராமனாக நடித்தவன் குனிந்தான். மாசிலாமணி ஏறப் போனான்.

"நில்லுங்கடா!" பலராமன் மேடை ஏறினார். "மாத்துங்க. மாசிலாமணி தூக்கட்டும்."

"தாத்தா, இவன் என்னைவிடக் கனம். முடியாது."

"அவனும் என்னைவிட ஒல்லிதான். தூக்கினான். நடந்தது அதுதான். இத்தனை வருஷமா நான் மாத்திச் சொல்லிட்டு வந்தேன்."

பையன் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான்.

முதுகில் இருந்தவன் கேட்டான்: "அப்ப நீங்க என்னதான் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைடா. அவன் பிடரியைப் பார்த்துக்கிட்டே வந்தேன்."

முன்வரிசையில் மாசிலாமணியின் மகள் எழுந்தாள். கும்பிடவில்லை. போய்விடுவாள் என்று பலராமன் நினைத்தார்.

"எங்கப்பா எவ்வளவு தூரம் தூக்கினாரு, மாமா?"

நெஞ்சு அடைக்கவில்லை.

"நாலு மைல்மா."